அனாபிபி யாருக்குப் பால் கொடுத்தாள்

இப்போது சொன்னால் யார் தலையும் போகாது. கீவாவை ஆண்ட அந்தக் கான் மண்ணுக்குப் போய்விட்டார். அவருக்குப் பின்னால் வந்தவரும் போய்விட்டார். ஆகவே அனாபிபியைப் பற்றி மென்று முழுங்காமல் சொல்லிவிடலாம். கீவாவில் கால்வாய்க்கரைத் தெருவில் அவளைத் தெரியாதவர்கள் கிடையாது. தெரிந்தவர்கள் சொல்வதில் முக்கால்வாசி கட்டுக்கதை. செங்கல் அறுக்கிறவனின் பெண்டாட்டி, அரண்மனைக்குப் பால் கொடுக்கப் போனாள், செல்வாக்காக இருந்தாள், கடைசியில் கானுக்கு வேண்டாதவளாகிப் போனாள் என்பார்கள். ஏன் வேண்டாதவள் ஆனாள் என்று கேட்டால் ஆளுக்கொன்று சொல்வார்கள். நடந்ததை ஒருவரும் சொல்லமாட்டார்கள். எப்படிச் சொல்வார்கள்? நடந்தபோது அத்தனை பேரும் மூக்கை மண்ணில் வைத்துப் படுத்திருந்தார்கள்.

அவளுக்குத் தலைப்பிள்ளை மத்நியாஸ் பிறந்து நாற்பது நாள்கூடக் கழியவில்லை. அரண்மனையிலிருந்து இரண்டு பெண்கள் வந்து நின்றார்கள். கானின் மனைவிக்கும் பிள்ளை பிறந்திருந்தது, ஆனால் பால் சுரக்கவில்லை. வந்தவர்கள் அனாபிபியை உட்கார வைத்து, மார்பைப் பிதுக்கி, பாலைக் கட்டைவிரல் நகத்தின் மேல் விட்டு, வழிகிறதா நிற்கிறதா என்று பார்த்தார்கள். மாடு வாங்க வருகிறவன்கூட இதைவிடக் கொஞ்சம் கூச்சப்படுவான்.

"பால் நல்ல கெட்டி. எழுந்து கிளம்பு," என்றாள் மூத்தவள். "ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்க. இளவரசர் குடிக்கிற மார்புல வேற வாய் படக்கூடாது."

"அப்ப என் பிள்ளை?"

"ஏன், இந்த ஊர்ல ஆடே கிடையாதா?"

அனாபிபி புருஷனைப் பார்த்தாள். பால் கொடுக்கிறவள் வீட்டுக்குக் கால்வாய் தூர் வாரும் கட்டாய வேலையிலிருந்து விலக்கு உண்டு என்று அவர்கள் ஏற்கெனவே அவன் காதில் போட்டிருந்தார்கள். அவன் தலையை ஆட்டினான். அந்த ஆட்டலுக்கு அவள் அவனைக் கடைசிவரை மன்னிக்கவில்லை. மனுஷன் சீக்கிரமே கண்ணை மூடியது அவனுக்கு நல்லதாயிற்று.

சுவருக்கு அந்தப் பக்கம் தங்கை ஜுமகுல் வீடு. அவளிடமும் ஒரு கைக்குழந்தை இருந்தது, பெயர் துர்தி. ஓயாமல் பேசுகிறவள், எதையும் சிரிப்பாக்குகிறவள். "குடு அக்கா, குடு. ஆண்டவன் எனக்கும் ரெண்டுதான் குடுத்திருக்கான். ஆளுக்கு ஒண்ணு," என்று மத்நியாஸை வாங்கிக்கொண்டாள். அனாபிபி வாசலைத் தாண்டும்போது பிள்ளை அழவில்லை. அவனுக்குப் பால் கிடைத்துவிட்டது. அதுவே அவளுக்குப் பெரிய அடி.

இளவரசன் பால் மறந்தபிறகு அவளை வீட்டுக்கு அனுப்பினார்கள். மத்நியாஸ் அப்போது நடந்துகொண்டிருந்தான். அவளைப் பார்த்ததும் ஜுமகுலின் பாவாடைக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டு, "அம்மா, யாரு இது?" என்று கேட்டான்.

ஊருக்கு இதெல்லாம் தெரியாது. ஒரே மார்பில் இரண்டு பிள்ளைகளும் குடித்ததாகத்தான் ஊர் நினைத்தது. மத்நியாஸைக் 'கானின் பால்சகோதரன்' என்றே கூப்பிட்டார்கள். எங்கள் பக்கத்தில் பால்சகோதரன் என்றால் கூடப்பிறந்தவனுக்கு ஒரு படி மேல். கூடப்பிறந்தவன் சிம்மாசனத்துக்கு ஆசைப்படுவான், பால்சகோதரன் ஆசைப்படமாட்டான். அதனால் இளவரசன் கானாக ஆனதும், மத்நியாஸைக் கூப்பிட்டு அங்கவடி பிடிக்கிற வேலையைக் கொடுத்தான். கான் குதிரை ஏறும்போது கால் வைக்கிற வளையத்தை அசையாமல் பிடித்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான் வேலை. ஆனால் கானின் பக்கத்தில் இடுப்பையும் பூட்ஸையும் சோதனை போடாமல் விடுவது அந்த ஒருவனை மட்டும்தான்.

ஊருக்குத்தான் அவர் கான். அனாபிபிக்கு வெறும் 'அவன்'தான். அவன் அவள்மேல் உயிரையே வைத்திருந்தான், இதில் ஒரு பொய்யும் இல்லை. பெருநாளன்று அவள் வீட்டுக்கு நடந்தே வருவான். முட்டை ஊற்றிச் செய்த கொழுக்கட்டையை அடுப்பு மேட்டிலேயே உட்கார்ந்து தின்பான். "அரண்மனையில இப்படி ஒருத்தனுக்கும் செய்யத் தெரியலம்மா, எல்லாரையும் சவுக்கால அடிக்கலாம்னு இருக்கேன்," என்பான். "அடிச்சா கொழுக்கட்டை நல்லா வருமாக்கும்," என்பாள் இவள். அவள் மடியில் தலை வைத்துப் படுத்து ஒரு தூக்கம் போட்டுவிட்டுத்தான் போவான். அவன் முடியைக் கோதிக்கொண்டிருக்கும்போது, வாசலில் காவல் நிற்கிற தன் வயிற்றுப் பிள்ளையின் முதுகு அவளுக்குத் தெரியும். அந்த முதுகு ஒரு நாளும் திரும்பியதில்லை.

ஒரு வருஷம் வசந்தத்தில் கால்வாய் தூர் வாரும்போது ஜுமகுலின் மகன் துர்தி ஒரு காரியம் செய்தான். காய்ச்சலில் நடுங்கிக்கொண்டிருந்த ஒரு வயசாளியை மேற்பார்வையாளன் சேற்றுக்குள் பிடித்துத் தள்ளினான். துர்தி மண்வெட்டிக் காம்பால் அவனை ஓங்கி ஒரு போடு போட்டான். மேற்பார்வையாளனின் கை முறிந்துவிட்டது. கானின் ஆளை அடித்தால் கானை அடித்த மாதிரி. தூக்கு என்று உத்தரவு வந்தது.

அனாபிபி அரண்மனைக்கு ஓடினாள். கான் ஆற்றங்கரைக்கு வேட்டைக்குப் போயிருப்பதாகவும், வந்ததும் பேசலாம், உட்காருங்கள் என்றும் சொன்னார்கள். அவள் உட்கார்ந்தாள். அவள் அங்கே தேநீர் குடித்துக்கொண்டு காத்திருந்த நேரத்தில், இங்கே கோட்டை வாசலில் காரியத்தை முடித்துவிட்டார்கள். கான் திரும்பி வந்து, "அது உங்க தங்கச்சி பிள்ளைன்னு எனக்குத் தெரியாதும்மா. பேரைக்கூடச் சொல்லல, கையெழுத்துக் கேட்டாங்க, போட்டேன்," என்றான். அனாபிபி எழுந்தாள். வீட்டுக்கு வந்துவிட்டாள்.

அதிலிருந்து மத்நியாஸ் பேச்சைக் குறைத்துக்கொண்டான். வேலைக்குப் போவான், வருவான், சித்தி வீட்டில் போய்ச் சும்மா உட்கார்ந்திருப்பான். ஜுமகுல் சிரிப்பதையே விட்டுவிட்டாள். துக்கம், போகப் போகச் சரியாகும் என்று அனாபிபி நினைத்தாள்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை. கான் பள்ளிவாசலுக்குக் குதிரையில் போகிற நாள், மத்நியாஸுக்கு வேலை உண்டு. அனாபிபி முற்றத்தில் தந்தூர் அடுப்பில் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தாள். முதல் ஈட்டில் ஒரு ரொட்டியை அவன் கையில் கொடுத்தாள். அவன் அதை வாங்கிக்கொண்டு, குனிந்து அவள் கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டான்.

"என்னடா இது புதுசா?"

"ஒண்ணுமில்லம்மா. மாவு வாசனை நல்லா இருக்கு," என்று சொல்லிவிட்டு உள்ளே போனான். அப்புறம் வெளியே போகிற கதவுச் சத்தம் கேட்டது.

அடுத்த ஈட்டை எடுத்துக்கொண்டு அவள் உள்ளே போனாள். சுவரில் ஆணியில் அந்த ரொட்டி தொங்கிக்கொண்டிருந்தது. ஓரத்தில் ஒரு கடி. பல் பட்ட இடம் இன்னும் ஈரமாக இருந்தது.

கையிலிருந்த ரொட்டிகள் கீழே விழுந்தன. ரொட்டியைத் தரையில் போடுவது எங்களுக்குப் பெரிய பாவம், ஆனால் அவள் குனிந்து எடுக்கவில்லை. படைக்குப் போகிறவன்தான் ரொட்டியில் ஒரு வாய் கடித்துவிட்டுப் போவான். திரும்பி வந்து மீதியைத் தின்பான் என்ற நம்பிக்கையில் அதை வீட்டில் மாட்டி வைப்பார்கள். பாலைவனம் தாண்டிப் போகிறவன் கடிப்பான். எந்தப் பைத்தியக்காரன் கூப்பிடு தூரத்தில் இருக்கிற பள்ளிவாசலுக்குப் போகும்போது கடிப்பான்? மத்தியானச் சாப்பாட்டுக்கு வருகிறவன் எதற்குக் கடிப்பான்? எல்லாவற்றையும் மறைக்கத் தெரிந்த பிள்ளைக்கு இதைச் செய்யாமல் வாசல் தாண்டத் தைரியம் வரவில்லை. அவள் மத்நியாஸின் படுக்கையை உதறினாள். தலைமாட்டில் அப்பனின் பழைய குத்துவாள் இருக்கும், இல்லை. உறை மட்டும் கிடந்தது.

ஜுமகுல் வீட்டுக்கு எப்படிப் போனாள் என்று அவளுக்கே தெரியாது. தங்கை வாசலில் உட்கார்ந்து பருத்தி பிரித்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து அக்காவின் முகத்தைப் பார்த்தாள், மறுபடி பருத்தியைப் பார்த்தாள்.

"உனக்குத் தெரியும்," என்றாள் அனாபிபி.

"தெரியும்."

"ஜுமகுல், அவன் யாரைக் கொல்லப் போறான்?"

"வேற யாரை? நீ மடியில போட்டுத் தூங்க வைப்பியே, அவனைத்தான்." ஜுமகுலின் குரல் ஏறவே இல்லை. "கானோட சித்தப்பா ஆள் அனுப்பினாரு. குதிரையில ஏறும்போது இவன் ஒரு குத்து. பள்ளிவாசல்ல அவர் ஆளுங்க தயாரா நிக்கிறாங்க. மிச்சத்தை அவங்க பாத்துக்குவாங்க."

"அவங்க மிச்சத்தைப் பாப்பாங்களா? முதல்ல இவனைத்தாண்டி வெட்டுவாங்க. கொன்னவனைக் கொன்னுட்டுத்தானே சித்தப்பா நல்லவர் மாதிரி சிம்மாசனம் ஏற முடியும். இதுகூடவா உங்களுக்குத் தெரியல?"

"இவனுக்கும் தெரியும். தெரிஞ்சுதான் போறான்."

அனாபிபி அவள் தோளைப் பிடித்து உலுக்கினாள். "நீ எப்படிடி விட்டே? என் பிள்ளைடி அவன்."

"உன் பிள்ளையா?" ஜுமகுல் பருத்தியைக் கீழே வைத்தாள். "பெத்தது நீ. ஒத்துக்கறேன். பால் குடுத்தது யாரு? பல் முளைச்சப்போ யாரைக் கடிச்சான்? துர்தி ஒரு பக்கம், இவன் ஒரு பக்கம், நான் ராவெல்லாம் உட்கார்ந்தே தூங்குவேன். இவனுக்குப் பால்சகோதரன்னா அது என் துர்திதான். உன் கான் இல்ல. பால்சகோதரனைக் கொன்னவனை இவன் கொல்றான். அதுல என்ன தப்புங்கறே?"

"நான் துர்திக்காக ஓடினேனே."

"ஓடினே. தேநீர் குடிச்சுட்டு வந்தே."

அனாபிபி செருப்புகூடப் போடாமல் திரும்பினாள். முதுகுக்குப் பின்னால் தங்கையின் குரல் கேட்டது. "போ, போய் உன் பிள்ளையைக் காப்பாத்து. எந்தப் பிள்ளைன்னு வழியில யோசிச்சுக்க."

அவள் யோசித்தாளா? காவல்காரர்களிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும், கான் பிழைப்பான். அடுத்த மூச்சில் மத்நியாஸின் தலை உருளும். சொல்லாமல் வீட்டில் உட்கார்ந்துவிட்டால், கானும் போவான், மத்நியாஸும் போவான். இதைத்தான் ஓட்டத்தில் திரும்பத் திரும்ப நினைத்தாள். வேறு ஒன்றும் தோன்றவில்லை. முலாம்பழ வண்டியில் இடித்துக்கொண்டாள். யாரோ திட்டினார்கள்.

அரண்மனைச் சதுக்கத்தில் ஆட்டுத்தோல் குல்லாய்கள் நெருக்கியடித்து நின்றன. வாசல் காவலன் ஒரு தடியன், இவளைப் பார்த்ததும் பல்லைக் காட்டினான். "வாங்கம்மா, வாங்க. என்ன ஓட்டம், அடுப்புல ரொட்டி கருகுதா? வழி விடுங்கப்பா, கானோட அம்மா வராங்க." பால்தாயைத் தடுக்க யாருக்கும் உரிமை கிடையாது. கூட்டம் விலகிக்கொடுத்தது.

கான் குதிரையின் பக்கத்தில் வந்துவிட்டான். இடது கால் அங்கவடியில். மத்நியாஸ் ஒரு கையால் வளையத்தைப் பிடித்துக் குனிந்திருந்தான். மற்ற கை பூட்ஸின் வாயில் இருந்தது. அந்தக் கையை அவளைத் தவிர யாரும் பார்க்கவில்லை.

அவள் பாய்ந்து கடிவாளத்தைப் பிடித்தாள். குதிரை தலையைச் சிலுப்பியது. அவள் வாயில், எங்கள் பெண்கள் பெற்ற பிள்ளையைத் தடுக்க வேறு வழியே இல்லாதபோது எதைச் சொல்வார்களோ, அது வந்தது. அதற்கு மேல் ஒரு சாபம் கிடையாது. குடித்துவிட்டு அடிக்க வருகிற முரடன்கூட அதைக் கேட்டால் கையைக் கீழே போட்டுவிடுவான்.

"மத்நியாஸ், கையை எடு. எடுக்கலன்னா நான் குடுத்த பால் உனக்கு ஹலால் இல்ல."

மத்நியாஸ் தலையைத் தூக்கி அவளைப் பார்த்தான். அவன் முகத்தில் கோபம் இருந்திருந்தால்கூட அவள் தாங்கியிருப்பாள். அவன் நிஜமாகவே புரியாதவன் மாதிரிப் பார்த்தான்.

"எந்தப் பால்மா?" என்று மெதுவாகக் கேட்டான்.

ஊர் சொல்லிச் சொல்லி, அவளும் அதை நம்பியே போயிருக்கிறாள். இருபத்துச் சொச்சம் வருஷமாக இவனுக்குத் தான் பால் கொடுத்ததாகவே நினைத்துக்கொண்டு வாழ்ந்திருக்கிறாள். இல்லாத பாலை வைத்துச் சாபம் கொடுத்திருக்கிறாள்.

ஆனால் சொன்னது சொன்னதுதான். அந்தப் பால் வேறொரு உடம்பில் இருந்தது. கான் காலை அங்கவடியிலிருந்து எடுத்துவிட்டான். அவன் முகம் வெளுத்திருந்தது. குல்லாயைக் கழற்றினான். எல்லோரும் பார்க்க அவள் முன்னால் மண்டியிட்டான்.

"அம்மா, அதைச் சொல்லாதீங்க. அந்தப் பாலைக் குடிச்சது நான்தான்னு உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இவனுக்குக் குடுக்க விடலன்னு எங்கம்மா சாகும்போது சொன்னாங்க. இவனைச் சபிச்சா அது என்மேலதான் விழும். துர்தி விஷயம்தானே? அதனாலதானே இவன் எனக்கு அங்கவடி பிடிக்க வேண்டாங்கறீங்க? நான் செஞ்சது தப்பும்மா. பொறுத்துக்குங்க." சொல்லிவிட்டு அவள் காலடியில் நெற்றியை வைத்தான்.

கான் மண்டியிட்டால் வேறு எவன் தலையும் அவர் தலைக்கு மேல் இருக்கக் கூடாது. இது சட்டம். சதுக்கம் முழுக்க, காவல்காரர்கள், மந்திரிகள், வாசல் தடியன், வேடிக்கை பார்க்க வந்தவர்கள், எல்லோரும் தடதடவென்று மண்ணில் விழுந்து முகத்தைப் புதைத்துக்கொண்டார்கள். கானைக் காக்க நிறுத்தி வைத்திருந்த அத்தனை கண்ணும் மண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தது. நின்றது இரண்டே பேர். அனாபிபி, மத்நியாஸ்.

கானின் பிடரி வெறுமையாக இருந்தது. மத்நியாஸின் கையில் குத்துவாள் வந்துவிட்டது.

கத்தினால் ஒரு பிள்ளை சாவான். கத்தாவிட்டால் இன்னொரு பிள்ளை சாவான். அவள் கத்தவில்லை. வாள் இறங்குகிற வழியில் கையை நீட்டி, அலகை அப்படியே உள்ளங்கையில் பிடித்தாள். பிடித்து விரல்களை மூடினாள். சதை பிளந்தது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள். ஒரு முனகல்கூட வெளியே வரவில்லை. மத்நியாஸ் ஒரு தரம் இழுத்தான், அவள் விடவில்லை. இழுத்தால் அம்மாவின் விரல்கள் போய்விடும் என்று அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. அவன் பிடியை விட்டான். அவன் உதடு கோணிக்கொண்டது.

அவள் விரல் இடுக்கிலிருந்து ரத்தம் சொட்டி, கீழே குனிந்திருந்தவனின் பிடரியில் விழுந்தது. ஒரு சொட்டு, இன்னொரு சொட்டு.

"அழாதீங்கம்மா," என்றான் கான், தலையைத் தூக்காமலே.

அவள் வாளை அங்கியின் நீளக் கைக்குள் தள்ளிவிடப் பார்த்தாள். விரல்கள் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. வாள் நழுவிச் செங்கல் தரையில் விழுந்தது. கான் தலையைத் தூக்கினான். வாளைப் பார்த்தான். கழுத்தைத் தடவிக் கையைப் பார்த்தான். பிறகு இவர்கள் இரண்டு பேரையும் பார்த்தான். இன்னும் ஒருவனும் எழுந்திருக்கவில்லை.

"இது யாருது?" என்று கேட்டான். குரல் சின்னப் பிள்ளையின் குரல் மாதிரி இருந்தது.

மத்நியாஸ் வாயைத் திறந்தான். அதற்குள் அவள் தாழ்ந்த குரலில் முந்திக்கொண்டாள்.

"என்னுது."

"என்னம்மா சொல்றீங்க?"

"என் வீட்டு வாள். உன்னைக் குத்தத்தான் எடுத்துட்டு வந்தேன். துர்தி என் தங்கச்சி பிள்ளை. இவன் பாத்துட்டான், கையைப் பிடிச்சுத் தடுத்துட்டான். கிழிஞ்சது அதுலதான்."

குத்த வந்தவளின் உள்ளங்கையில் எப்படி வெட்டு விழும் என்று யோசிக்கிற நிலையில் அவன் இல்லை. அவன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். பொய் என்று சொல்லிவிடுவாள், சிரித்துவிடுவாள் என்று காத்திருந்த மாதிரி இருந்தது. அவள் முகத்தைக் கல்லாக வைத்துக்கொண்டாள். நம்பாதே கண்ணு, நம்பாதே என்று அவள் உள்ளுக்குள் அடித்துக்கொண்டது அவளுக்கு மட்டும்தான் கேட்டது. நம்பினால்தான் மத்நியாஸ் பிழைப்பான் என்பதும் தெரிந்தது.

அவன் நம்பிவிட்டான். அது அவன் கண்ணில் நடந்தது, அவள் அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"என்னை அறைஞ்சிருக்கலாமே," என்றான். "வீட்டுக்கு வந்தப்போ கொழுக்கட்டையில விஷம் வச்சிருந்தாக்கூட நான் தின்னுருப்பேன். மடியில படுக்க வச்சுட்டு, இதைத்தான் நினைச்சுக்கிட்டு இருந்தீங்களா?"

அவள் கிழிந்த கையை அங்கிக்குள் இழுத்துக்கொண்டாள். வாயைத் திறந்திருந்தால் எல்லாம் கொட்டியிருக்கும்.

அவன் எழுந்தான். வாளைக் காலால் தள்ளி, மத்நியாஸிடம், "எடுத்து மறைச்சு வை. ஒருத்தனும் பார்க்கக் கூடாது," என்றான். பிறகு அவளிடம், "பால் குடுத்தவங்களைத் தண்டிச்ச கான்னு பேர் எடுக்க மாட்டேன். போங்க. இந்த வாசலுக்கு இனி வராதீங்க. நானும் வரமாட்டேன்." தன் மேலங்கியைக் கழற்றினான், பச்சைப் பட்டு, பொன்னூல் வேலை செய்தது. அதை மத்நியாஸின் தோளில் போர்த்தினான். "நீ அவங்க பாலைக் குடிக்கல. அதனாலதான் என்னைக் காப்பாத்தினே போல," என்றான். அப்புறம் உரக்க, "எழுந்திருங்க," என்றான்.

எல்லோரும் மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்தார்கள். மத்நியாஸ் பச்சை அங்கியோடு குனிந்து அங்கவடியைப் பிடித்தான், கான் ஏறினான், ஊர்வலம் கிளம்பியது. பள்ளிவாசல் படியில் நின்றிருந்த சித்தப்பா, உயிரோடு வருகிற கானையும் அவர் பக்கத்தில் பச்சை அங்கியோடு வருகிற, தான் ஏவிய கொலைகாரனையும் பார்த்தார். சொல்கிறார்கள், அன்றைக்கு எல்லோருக்கும் முன்னால் 'கான் நீடூழி வாழ்க' என்று தொண்டை கிழியக் கத்தியது அவர்தானாம். அதற்குப் பிறகு அவருக்கு வாய் திறக்க என்ன வழி இருக்கிறது? திறந்தால் முதலில் அவர் கழுத்துத்தான்.

அனாபிபி வீடு வந்து சேர்ந்தபோது ஜுமகுல் முற்றத்தில் நின்றுகொண்டிருந்தாள். ரத்தத்தைப் பார்த்ததும் கம்பளித் துண்டை எரித்தாள். சாம்பலைக் காயத்தில் அப்பிக் கட்டினாள். இரண்டு விரல்கள் அதற்கப்புறம் மடங்கவே இல்லை. கட்டி முடித்த பிறகுதான் கேட்டாள்.

"யாரு செத்தது?"

"யாரும் சாகல."

"பொய் சொல்லாதே."

தொழுகை முடிந்த நேரத்தில் கதவு திறந்தது. மத்நியாஸ் உள்ளே வந்தான். ஜுமகுல் பச்சை அங்கியைப் பார்த்துவிட்டுப் பின்னால் நகர்ந்தாள். பேயைப் பார்த்தால்கூட அவள் அப்படி நகர்ந்திருக்கமாட்டாள்.

"என்னடா இது?"

"கான் போர்த்தினாரு, சித்தி. அவர் உயிரைக் காப்பாத்தினேனாம்." அவன் சிரிக்க முயன்றான், வரவில்லை. நடந்ததைச் சொன்னான். அம்மா என்ன சொன்னாள், கான் என்ன சொன்னார், எல்லாம் சொன்னான். ஜுமகுல் மெதுவாகத் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

மத்நியாஸ் அனாபிபியின் முன்னால் வந்து குந்தினான். கட்டுப் போட்ட கையைத் தொடப் பயந்தவன் மாதிரிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்னால முடியலம்மா. வழி பூரா அவர் என்கிட்ட பேசிக்கிட்டே வந்தாரு. 'எங்கம்மா என்னை வெறுத்துட்டாங்கடா, எங்கம்மா என்னை வெறுத்துட்டாங்கடா'ன்னு. குதிரை மேல உட்கார்ந்து கண்ணைத் துடைச்சுக்கறாரு. நான் போய் உண்மையைச் சொல்லிடறேன். என்ன வேணா பண்ணட்டும்."

"உட்காரு," என்றாள் அனாபிபி.

"உங்களுக்கு அவர் மேல எவ்வளவு ஆசைன்னு எனக்குத் தெரியும்மா. சின்னதுலேர்ந்து பாத்துக்கிட்டுத்தானே இருக்கேன்."

"தெரியும்ல? அப்ப நீ உண்மையைச் சொன்னா என்ன ஆகும்னு நான் நினைச்சுப் பாக்காமலா இருப்பேன்? வர்ற வழியெல்லாம் அதைத்தான் நினைச்சேன். அவன் ஓடி வருவான். இந்த முற்றத்துல விழுந்து அழுவான். அம்மான்னு கூப்பிடுவான். எனக்கு என் பிள்ளை திரும்பக் கிடைச்சிடுவான்." அவள் மூச்சை இழுத்துக்கொண்டாள். "உன்னைக் கோட்டை வாசல்ல தொங்க விட்டுட்டு வருவான்."

மத்நியாஸ் தலையைக் குனிந்துகொண்டான்.

"ஒரு தடவை அவனுக்காக உன்னை விட்டுட்டுப் போனேன். நீ கைக்குழந்தை, உன்னால ஒண்ணும் கேட்க முடியல. இந்தத் தடவை உனக்காக அவனை விட்டுட்டு வந்துட்டேன். அவனாலயும் ஒண்ணும் கேட்க முடியல. அந்த அங்கியைக் கழட்டி மடிச்சு வை. நாளைக்கு வேலைக்குப் போட்டுக்கிட்டுப் போ. போடலன்னா சந்தேகப்படுவான்."

சொல்லிவிட்டு அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். கானை நினைத்து அழ ஆரம்பித்தாள். மத்நியாஸ் அங்கியைக் கழற்றாமல், அந்த அழுகையைக் கேட்டுக்கொண்டே பக்கத்தில் உட்கார்ந்திருந்தான்.